கிணற்றுப் படிகளில் ஒரு ஸ்டாக்

அந்தச் சனிக்கிழமை பெங்களூரில் தருமபுரி பஸ் ஏறியபோது என் பையில் இருந்தவை: மாற்றுப் புடவை ஒன்று, அண்ணிக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், அப்புறம் தலையணை கனத்துக்கு மடிப்பு மடிப்பாகக் கம்ப்யூட்டர் அச்சடித்த காகிதம். எடை வரிசையில் சொன்னால் காகிதம்தான் முதலில் வரும். கவலை வரிசையில் சொன்னாலும் அதுதான்.

நான் வேலை பார்த்த கூடத்தில் பீரோ அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுவதுதான் எங்கள் வேலை. அதன் நடுப்பகுதியைக் கெர்னல் என்போம். எந்த வேலை எப்போது ஓட வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அது. கெர்னலுக்குள் நுழைகிற வாசலையும் வெளியேறுகிற வாசலையும் நான் எழுதினேன். உள்ளே நடப்பதைத் தருமபுரி டவுனைச் சேர்ந்த ஒரு சக ஊழியர் எழுதினார். அவருடைய அப்பா புளி மண்டி வைத்திருந்தார். பெங்களூரில் தருமபுரிக்காரர்கள் இருவர் ஒரே அறையில் உட்கார்ந்தது தற்செயல்தான். ஆனால் எங்கள் தலைவர், "உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஈசியா புரியும்" என்று சொல்லித்தான் அந்த வேலையை எங்களிடம் கொடுத்தார்.

புரியும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

வாசலில் நடப்பது இதுதான். அடுப்பில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து கிண்ட வேண்டுமென்றால் சில விஷயங்கள் நினைவில் இருக்க வேண்டும்: மாவு எவ்வளவு போட்டோம், உப்பு போட்டாயிற்றா, தீ எப்படி இருந்தது. இயந்திரத்துக்கும் அப்படித்தான். ஒரு வேலைக்கு நடுவில் அவசர அழைப்பு வந்தால், அது எட்டு விஷயங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். அப்போதைய நிலைமை ஒன்று, திரும்பி வர வேண்டிய இடம் ஒன்று, கையிருப்பை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்கள் ஆறு, ஆர்-0 முதல் ஆர்-5 வரை. இவற்றை நினைவகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் இடத்துக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும். எது எந்த இடத்தில் இருக்கிறது என்ற வரிசை மாறினால், உப்பு என்று நினைத்து மாவை அள்ளிப் போட்டுவிடுவோம்.

நான் அந்த வரிசையைப் படமாகப் போட்டு அவரிடம் கொடுத்திருந்தேன். ஒரு நீளக் கட்டம், அதில் எட்டு அறைகள். அவர் அதைப் பார்த்துத் தன் பகுதியை எழுதினார். சின்னப் புரோகிராம்கள் நன்றாகவே ஓடின. பெரிய புரோகிராம் ஒன்று மட்டும் கொஞ்சம் ஓடிவிட்டு, சம்பந்தமில்லாத ஏதோ ஓர் இடத்தில் போய் விழுந்தது. இரண்டு முறை தலைவர் முன்னாலேயே விழுந்தது.

திங்கட்கிழமை மூன்றாவது முறை. அன்றும் விழுந்தால் கெர்னல் வேலை வேறொரு ஊர்க் குழுவுக்குப் போய்விடும். நான் மறுபடியும் பேப்பர் டேப் பிரிவுக்குப் போக வேண்டும். நாடாவில் விழுந்த ஓட்டைகள் சரியா என்று விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கிற அந்த வேலையை ஒரு வருடம் செய்திருந்தேன். அந்த வருடத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. வாசலை எழுதத் தொடங்கிய பிறகுதான் காலையில் எழுந்ததும் அலுவலகம் போக வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தது.

ஞாயிறு காலை, சொன்னபடியே, சக ஊழியர் தருமபுரியிலிருந்து இண்டூர் பஸ் பிடித்து எங்கள் வூட்டுக்கு வந்தார். தன் பங்குக் காகிதக் கட்டைத் தோளில் போட்டிருந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"அம்மா குடுத்தாங்க. புளிங்க. கொட்டை எடுத்தது" என்று அம்மாவிடம் நீட்டினார்.

"எதுக்கு தம்பி இதெல்லாம்? எங்க மரத்துலயே கெடக்குதே" என்றார் அம்மா, வாங்கி முகர்ந்து பார்த்துக்கொண்டே. "ஆனா இது நல்ல புளி."

வூட்டில் உட்கார இடமில்லை. முற்றம் முழுக்க நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஓர் ஓரத்தை ஒதுக்கி, காகிதத்தைப் பிரித்து இருவரும் வரி வரியாகப் படித்தோம். அலுவலகத்தில் அதைப் பலமுறை செய்தாகிவிட்டது. தப்பு எதுவும் தெரியவில்லை. என் எழுத்தை நான் படிக்கும்போது எழுதியதையா பார்க்கிறேன், நினைத்ததைத்தானே பார்க்கிறேன்.

"இப்படிப் படிச்சா கண்டுபிடிக்க முடியாதுங்க. பொருளை வெச்சு ஓட்டிப் பாக்கலாம்" என்றேன். பயிற்சிக் காலத்தில் தீப்பெட்டிகளை நினைவகமாக வைத்துப் புரோகிராமைக் கையால் ஓட்டிப் பழகியிருந்தேன். வூட்டில் அத்தனை தீப்பெட்டி இல்லை. கடலைகளை வரிசையாக வைத்து, பக்கத்தில் கரியால் பெயர் எழுதினேன். பாதி வழியில் ஒரு கோழி வந்து ஆர்-2 ரெஜிஸ்டரைத் தின்றுவிட்டது.

"கோழியத் தொரத்தாதீங்க. அதான் அந்தத் தப்பைக் கண்டுபுடிச்சுத் தின்னுதோ என்னமோ" என்றார் அண்ணி. அப்புறம் எங்கள் காகிதம் அவருடைய கடலையை எவ்வளவு மறைக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாப்பா, உனக்கு வரிசையா எடந்தானே வேணும்? கெணத்துக்குப் போ. படி படியா இருக்குது. கோழியும் வராது, என் கடலையும் காயும்" என்றார்.

அண்ணி எங்களை அங்கிருந்து கிளப்பத்தான் அப்படிச் சொன்னார். எனக்கோ அது அருமையான யோசனையாகப் பட்டது. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேடிக்கை பார்க்க அண்ணியும் வந்தார்.

எங்கள் கிணறு பாறைக் கிணறு. சுவரில் பதித்த கல் படிகள் தண்ணீர் வரை இறங்கும். கோடையில் மழை பொய்த்தால் அடியில் இன்னும் கொஞ்சம் வெட்டி, கீழே இரண்டு படி சேர்ப்பார்கள். எங்கள் கிணற்றில் புதிது என்றால் அது அடியில்தான் இருக்கும். அந்தக் கோடையில் தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. வேண்டிய அளவு படிகள் வெளியே தெரிந்தன.

மேட்டில் மோட்டார் கொட்டகை வாசலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், மின்சாரத்தை எதிர்பார்த்து.

"என்னா, ரெண்டு என்ஜினீரும் கெணத்துக்கு வந்துட்டீங்க?"

"கம்ப்யூட்டரைக் கெணத்துல எறக்கப் போறோம் அண்ணா."

"எறக்குங்க, எறக்குங்க. கரண்ட் வந்துச்சுன்னா மோட்டாரைப் போட்டுருவேன். அதுக்குள்ள எடுத்துருங்க. பைப்புல மாட்டிக்கப் போவுது."

வேலையைப் பங்கிட்டோம். வாசலை எழுதியவள் நான் என்பதால், எட்டு விஷயங்களையும் படிகளில் எழுதி வைப்பது என் பொறுப்பு. அதன்பிறகு சக ஊழியர் தன் பகுதியை ஓட்ட வேண்டும். அவர் செய்ய வேண்டியது இரண்டே காரியம்: ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் கெர்னலிடம் கேட்டிருந்த வேலையின் விடையை ஆர்-0 இருக்கும் இடத்தில் வைப்பது, திரும்பும் இடத்தை ஓர் அடி முன்னால் தள்ளுவது. அவசர அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், அதை அண்ணியிடம் கொடுத்தேன்.

"நான் என்னா செய்யணும்?"

"எப்ப தோணுதோ அப்ப, 'ஏய், நில்லு'ன்னு கத்தணும் அண்ணி."

"யாரைப் பாத்து?"

"என்னைப் பாத்துதான்."

"எத்தன தடவ வேணா கத்தலாமா?"

"ஒரு தடவ போதும்."

"கல்யாணமாகி இந்த வூட்டுக்கு வந்ததுல இருந்து இப்பிடி ஒரு வேலய யாரும் எனக்குக் குடுக்கல" என்று சொல்லி, அண்ணி தென்னை மரத்தடியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

நான் கிணற்று மேட்டில் நின்று, புரோகிராமின் முதல் வரிகளைச் சத்தமாகப் படித்தேன். நாலாவது வரி பாதியில் இருந்தபோது, மேட்டுக் காட்டில் மேய்ந்த மாடுகள்கூடத் தலைதூக்கிப் பார்க்கிற மாதிரி, "ஏய், நில்லுடீ!" என்று ஒரு குரல்.

"'டீ' எல்லாம் கிடையாது அண்ணி."

"அவசரம்னு சொன்னியே. அவசரத்துல மரியாதை பாப்பாங்களா?"

நான் முதல் படியில் இறங்கி, சுண்ணாம்பால் 'நிலைமை' என்று எழுதினேன். அடுத்த படியில் 'திரும்பும் இடம்'. அதற்குக் கீழே ஆர்-0, ஆர்-1 என்று ஒவ்வொரு படியாக இறங்கி, ஆர்-5 எழுதிய படியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. சுவரிலிருந்து குளிர்ச்சி வந்தது.

"இனி உங்க முறை. எறங்கி வாங்க" என்று மேலே பார்த்துச் சொன்னேன்.

அவர் காகிதத்தோடு முதல் படியில் கால் வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். டவுனில் மண்டித் தெருவில் வளர்ந்தவர்.

"பயப்படாதீங்க. செவுத்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா வாங்க."

"பயம்லாம் இல்லைங்க."

"தம்பி செவுத்த எப்பிடிப் புடிச்சிருக்குதுன்னு இங்கயிருந்தே தெரியுது" என்றார் அண்ணி.

"நீச்சல் தெரியாததுக்குப் பயம் இருக்குதுங்க. அது வேற" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா அதுக்காக இங்க நிக்கல. என் எடமே இதுதான். எனக்கு மூணாவதுதானே ஆர்-0? இதோ ஒண்ணு, ரெண்டு, அந்தப் படி மூணு. ரெண்டு படி எறங்குனா போதும்."

"அங்கயிருந்து எதுக்கு எண்ணுறீங்க? கடைசியா வெச்ச எடத்துல இருந்துதானே எண்ணணும்? நான் நிக்கிற எடத்துல இருந்து."

"நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க? கடைசியா வெச்சது மேலதானே இருக்கும்?"

"கடைசியா வெச்சது என் காலடியில இருக்குதுங்க."

அவர் தன் கால் இருந்த படியைக் குனிந்து பார்த்தார். 'நிலைமை' என்று எழுதியிருந்தது. முதன்முதலில் வைத்த பொருள். அது ஸ்டாக்கின் அடியில் கிடக்க வேண்டியது. அப்புறம் கீழே என்னைப் பார்த்தார். அவர் கிணற்றின் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும், இருவருமே 'இதுதான் கடைசியாக வைத்த இடம்' என்று நின்றுகொண்டிருந்தோம்.

"நீங்க போட்ட படத்துல..." என்று ஆரம்பித்தார்.

"மேல இருந்து கீழ போகும்."

"கீழ இருந்து மேல ஏறும்னு நெனச்சேன்." நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "எங்க மண்டியில மூட்டையை அட்டி போடுவோம். மொதல்ல வந்த மூட்டை தரையில. கடைசியா வந்தது உச்சியில. எடுக்குறப்ப உச்சியில இருந்துதான் எடுப்போம். நீங்க எட்டுக் கட்டம் போட்டுக் குடுத்தீங்க. பாத்தவுடனே அது அட்டி மாதிரியே இருந்துச்சு. மேல இருக்குறதுதான் கடைசின்னு அப்படியே எண்ணிட்டேன்."

எங்கள் இயந்திரத்தின் ஸ்டாக் கிணறு மாதிரிதான் வளரும், நினைவகத்தில் பெரிய எண்ணுள்ள முகவரியிலிருந்து சின்ன எண்ணுக்கு இறங்கி இறங்கி. அதனால் நான் கிணறு போலவே வரைந்தேன். அம்புக்குறி போட எனக்குத் தோன்றவே இல்லை. கிணறு வெட்டுகிறவர்களிடம் எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? மண்டிக்காரரிடமும் அட்டி எந்தப் பக்கம் உயரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"சரி, நீங்க எண்ணுற மாதிரியே என் படியில இருந்து எண்ணிப் பாக்கலாம். மூணாவது எது?" என்றேன்.

"ஆர்-5, ஆர்-4, ஆர்-3" என்று மேலிருந்து விரலை நீட்டி எண்ணினார். குரல் மாறியது. "அய்யோ. விடையை எல்லாம் ஆர்-3ல போட்டுட்டு இருந்திருக்கேன்."

"திரும்புற எடம்னு எதைத் தள்ளுனீங்க?"

"ரெண்டாவது. ஆர்-4."

அதோடு எல்லாம் விளங்கிவிட்டது. சின்னப் புரோகிராம்கள் ஆர்-3, ஆர்-4 பக்கமே போவதில்லை. அங்கே என்ன குப்பையைப் போட்டாலும் அவற்றுக்குத் தெரியாது. விடையும் கிடைத்திருக்காதுதான், ஆனால் அவை விடையைப் பார்க்கிற புரோகிராம்கள் இல்லை. திரும்பும் இடம் தள்ளப்படாததும் தெரியவில்லை, தாண்ட வேண்டிய அந்த ஓர் அடியை எல்லாப் புரோகிராம்களிலும் வெற்றாகவே விட்டிருந்தோம். பெரிய புரோகிராம் அந்த இரண்டையும் நம்பியிருந்தது. உடனே விழவும் இல்லை. நம்பியதை எப்போது எடுத்துப் பார்த்ததோ, அப்போது விழுந்தது. அதனால்தான் விழுந்த இடத்துக்கும் தப்பு நடந்த இடத்துக்கும் சம்பந்தமே தெரியவில்லை.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். கிணற்றுக்குள் சிரித்தால் பத்துப் பேர் சிரிக்கிற மாதிரி கேட்கும். அவரும் சிரித்தார். சுவரைப் பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை.

"என்னா ஆச்சு? நான் கத்துனதுல ஏதாச்சும் தப்பா?" என்று அண்ணி ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்க கத்துனது மட்டுந்தான் அண்ணி சரி."

கொட்டகையிலிருந்து அண்ணன் குரல் வந்தது: "கரண்ட் வந்துருச்சு! மேல வாங்க ரெண்டு பேரும்!"

"தம்பி அப்பத்துல இருந்து மேலதான் இருக்குது" என்றார் அண்ணி.

திருத்தம் மிகச் சிறியது. அவர் தன் பகுதியின் தொடக்கத்தில் எட்டு விஷயங்களில் ஒவ்வொன்றும் கடைசியாக வைத்ததிலிருந்து எத்தனை இடம் தள்ளியிருக்கிறது என்று எண்களாக எழுதி வைத்திருந்தார். அந்த எட்டு எண்களைத் தலைகீழாக்கினால் போதும். மோட்டார் ஓடுகிற சத்தத்தில், வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து பென்சிலால் திருத்தினார். நான் பழைய படத்தை வாங்கி, பக்கத்தில் ஒரு பெரிய அம்புக்குறி போட்டேன், மேலிருந்து கீழே. நிம்மதியாக இருந்ததா என்றால், முழுதாக இல்லை. காகிதத்தில் சரியாக இருந்த எத்தனையோ விஷயங்கள் இயந்திரத்தில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மதியம் அம்மா அந்தப் புளியில் வைத்த குழம்பைக் களியோடு பிசைந்து சாப்பிட்டோம். சக ஊழியருக்குக் களி உருண்டையை மெல்லாமல் விழுங்கத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அம்மா அவரை டவுன்காரர் இல்லை என்று முடிவு செய்தார்.

திங்கட்கிழமை காலை எங்களுக்கு இயந்திரம் கிடைத்தது. தலைவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன்: விழுந்தால் மேசையைக் காலி செய்ய வேண்டும், சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், டேப் பிரிவில் எனக்குப் பிடித்த ஜன்னலோர இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பெரிய புரோகிராம் ஓடியது. வழக்கமாக விழும் இடத்தை நெருங்கியபோது சக ஊழியர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடத்தைக் கடந்தது. அச்சு இயந்திரம் விடைகளை ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போனது. கடைசி வரி வந்ததும் நின்றது. சரியான விடை.

தலைவர் காகிதத்தைக் கிழித்து எடுத்து இரண்டு முறை படித்தார். "மறுபடி ஓட்டுங்க" என்றார். மறுபடி ஓடியது. "சரி, டிஸ்க் வேலையையும் நீங்க ரெண்டு பேருமே பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. சக ஊழியர் கீழே போய் இரண்டு காபி வாங்கி வந்தார். நான் காபி குடிப்பதில்லை. அன்று குடித்தேன்.

அதன்பிறகு எங்கள் கெர்னலில் ஸ்டாக் படம் வருகிற இடத்திலெல்லாம், அம்புக்குறிக்குப் பக்கத்தில் பெரிய ஆங்கில எழுத்துகளில் 'கிணறு' என்று அடித்துவைத்தேன். எங்கள் அச்சு இயந்திரத்தில் வேறு எழுத்து கிடையாது. புதிதாகச் சேர்கிறவர்கள் அது என்ன சுருக்கப் பெயர் என்று கேட்பார்கள். சக ஊழியர், "மண்டி இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

ஆடிக்கு ஊருக்குப் போனபோது அண்ணி கேட்ட முதல் கேள்வி, "நான் கத்துனது வேலை செஞ்சுதா?" என்பதுதான். செய்தது என்றேன். "பின்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிணற்றைப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு எழுத்துகள் அழிந்திருக்கும் என்று நினைத்தேன். அவற்றின்மேல் யாரோ சிவப்பு பெயிண்டில் அழுத்தி எழுதியிருந்தார்கள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்குப் பூசி மிச்சமிருந்த பெயிண்ட்.

"நான்தான் எழுதுனேன்" என்றார் அண்ணன். "முன்னெல்லாம் தண்ணி எவ்ளோ இருக்குதுன்னு கேட்டா, கையைத் தூக்கிக் காட்டணும், மொழங்கால், இடுப்புன்னு சொல்லணும். இப்ப உங்கண்ணி வூட்ல இருந்தே கேக்கறா, எது முழுகியிருக்குதுன்னு. நான் பேரைச் சொல்லிடறேன்."

அந்த நேரம் வூட்டுப் பக்கமிருந்து அண்ணியின் குரல் வந்தது, கிணற்றுக்கு மட்டுமல்ல, பக்கத்துக் காட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"ஏங்க! தண்ணி எதுல நிக்குது?"

அண்ணன் எட்டிப் பார்த்தார். மேற்கே இரண்டு மழை பெய்திருந்தது. ஆர்-5 மூழ்கியிருந்தது. ஆர்-4 மூழ்கியிருந்தது. கீழிருந்து மேலே, கடைசியாக வைத்தது முதலில், சரியான வரிசையில்.

"ஆர் மூணைத் தொட்டுருச்சு!" என்று கத்தினார்.